துவக்குக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசையன்று மத்தியானம் அழகர் சாப்பிட, பங்களாவுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு வந்தபோது, சரஸ்வதி படத்துக்கு முன்னால் துரையின் ரிவால்வர் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு பக்கம் குசினியின் இறைச்சிக் கத்தி, மறுபக்கம் கரி இஸ்திரிப்பெட்டி. மூன்றுக்கும் ஆளுக்கொரு செவ்வந்திப்பூ. வடிவம்மா யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

அழகர், கலஹாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரை பங்களாவின் அப்பு. அப்பு என்றால் பங்களாவுக்குச் சமையற்காரரும் அவர்தான், பரிமாறுகிறவரும் அவர்தான், துரையின் சப்பாத்துக்கும் வெள்ளிக் கரண்டிக்கும் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பதினான்கு வருடம் ஆகியும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் அவ்வளவாகக் குறைந்துவிடவில்லை. அவர்களுடைய பங்களாச் சட்டங்களும் குறையவில்லை. அந்தச் சட்டங்களில் முதலாவது, சாவிக்கொத்து அப்புவின் இடுப்பை விட்டு இறங்கக்கூடாது என்பது. முன்பு இருந்த அப்பு தன் மச்சினன் கையில் அரைமணி நேரம் சாவியைக் கொடுத்தார் என்பதற்காக, அன்று பின்னேரமே பெட்டி படுக்கையோடு ரோட்டுக்கு வந்தவர். அவர் இடத்துக்கு வந்த அழகர், பதினோரு வருடமாகச் சாவிக்கொத்தை அரைஞாணில் கட்டிக்கொண்டேதான் குளித்தார்.

இந்தப் பதினோரு வருடத்தில் அவர் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்தது ஒரே ஒரு தடவை. அது அன்று காலையில்.

துரை பல் பிடுங்கக் கொழும்புக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். ஸ்டோர் என்று எல்லாரும் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில் பூசைக்குப் பொங்கல் வைக்க ஆள் போதவில்லை என்று காலையிலேயே அழகரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவசரத்தில் அவர் சாவிக்கொத்தை அவிழ்த்து வடிவம்மாவின் கையில் வைத்து, "பங்களா அலுமாரியில இருக்கிற சாமானெல்லாம் கழுவித் தொடச்சு சாமிக்கு வையி புள்ள, நான் ஸ்டோருக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வருடா வருடம் ரிவால்வர் இருக்கும் துவக்குப் பெட்டியைத் திறக்காமல், மூடிக்கு மேலேயே ஒரு பொட்டு வைத்துக் கும்பிடுவதுதான் அவர் வழக்கம். அதைச் சொல்ல மறந்துவிட்டார்.

வடிவம்மாவுக்கு அந்த வீட்டில் அதுதான் முதல் ஆயுத பூசை. அழகரின் முதல் மனைவி போய் ஆறு வருடம். எட்டு மாதத்துக்கு முன்புதான் அவர் வடிவம்மாவைக் கட்டிக் கூட்டிவந்தார். அவளும் புருஷனை இழந்தவள், இருபது வருடம் கொழுந்தெடுத்தவள். மலையில் வேலை செய்தவளுக்குப் பங்களா ஒத்துவருமா என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது. அதனால்தான் அன்று அவள் எதையும் அரைகுறையாகச் செய்யவில்லை.

அழகர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். பிறகு குனிந்து ரிவால்வரை எடுத்து வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நிக்கல் பூசிய ரிவால்வர் அது. துரை அதில் தன் மீசையைப் பார்த்துச் சரிசெய்கிற அளவுக்கு மின்னும். இப்போது அதன் மேல் முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கீறல். மணல் போட்டுக் கழுவிய தட்டு மாதிரி மங்கிப் போயிருந்தது.

"இத என்னா போட்டு வெளக்குன?" என்றார்.

"புளியும் செங்கல் பொடியுந்தான். ஏங்க?"

"செங்கல் பொடியா."

"நல்லா இடிச்சுச் சலிச்சுத்தாங்க எடுத்தேன். பெட்டியத் தொறந்தா ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. இத்தன நாளும் யாருமே தொடைக்கல போலன்னு நெனச்சேன். எங்க வீட்டுல தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியெல்லாம் இப்பிடித்தான் வெளக்குவோம். இரும்பு வெள்ளையாத் தெரியிற வரைக்கும் வெளக்கணும், அப்பத்தான் சாமிக்கு வைக்கலாம்னு சொல்லுவாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "தப்பாப் போச்சா?"

அழகருக்குத் திட்ட வாய் வரவில்லை. எண்ணெய் போட்டு வைப்பது துருப் பிடிக்காமல் இருக்க என்று சொன்னார். இது இரும்புக் கத்தி இல்லை, மேலே நிக்கல் பூச்சு என்று சொன்னார். வரும் சனிக்கிழமை சம்பள நாள், துரை கண்டிக்குப் போய் பேங்கில் சம்பளப் பணம் எடுத்து வரும்போது இதைத்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு போவார் என்று சொன்னார். கடைசியில்தான், சாவியைக் கொடுத்ததால் முன்பு இருந்த அப்புவுக்கு வேலை போன கதையைச் சொன்னார். சொல்லிக்கொண்டே சாவிக்கொத்தை அவளிடமிருந்து வாங்கி அரைஞாணில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"தோட்டா?" என்றாள் அவள் பயந்துபோய்.

"தோட்டாவெல்லாம் ஆபீசு இரும்புப் பெட்டியில. இது வெறுந் துவக்கு."

அந்த நேரம் பார்த்துப் பூசைக் கடலை வாங்கிப் போகப் பாலம்மா வந்தாள். அழகரின் முதல் மனைவிக்குத் தங்கை. நல்ல மனசு, ஆனால் வாயை அடக்கத் தெரியாதவள். ஒரு பார்வையிலேயே எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள்.

"எங்கக்கா இருந்திருந்தா இதக் கையாலயும் தொட்டிருக்காது" என்றாள் முதலில். வடிவம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பாலம்மாவுக்கே அது உறைத்திருக்க வேண்டும், குரலை மாற்றினாள். "இந்தா பாருங்க மச்சான், நடந்தது நடந்து போச்சு. சாவிய நீங்க குடுத்தீங்கன்னு வாயத் தொறக்காதீங்க. நீங்க தூங்குறப்ப இவளா எடுத்துத் தொறந்துட்டான்னு சொல்லிருங்க. மலைக்காரி, என்னா தெரியும்னு தொரை விட்டுருவாரு."

"விடுவாரா?"

"இவள பங்களாப் பக்கம் வரக்கூடாதும்பாரு. அம்புட்டுத்தானே. இவ ராஜலிங்கம் அண்ணன் லயத்துல போயி இருக்கட்டும். நீங்க ஞாயித்துக்கிழமையில போயிப் பாத்துக்கிறது. ஒங்க வேலையும் நிக்கும், சாவியும் நிக்கும்."

ராஜலிங்கம் வடிவம்மாவின் அண்ணன். ஒற்றை அறையான லயத்துக் காம்பராவில் ஏழு பேரோடு இருக்கிறவர்.

"அவங்க சொல்றது சரிதாங்க" என்றாள் வடிவம்மா. "நான் எடுத்தேன்னே சொல்லிருங்க. எனக்குக் கூடையும் மலையும் எப்பவும் இருக்கு. ஒங்களுக்கு இந்த வயசுல வேற எடம் ஏது."

அப்படிச் சொல்லமாட்டேன் என்று அழகர் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனுஷன் இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எட்டு மாதம் கட்டின பெண்சாதியும் பதினோரு வருடம் கட்டின சாவியும் தராசில் நின்றன. தராசு அவர் கையில் ஆடியது. வடிவம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சோறு போட எழுந்து போனாள். எனக்கு அழகர் மேல் இருக்கிற ஒரே கோபம் அந்த மத்தியானத்தைப் பற்றியதுதான்.

சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த தன் டார்ச் லைட்டை எடுத்தார். அதுவும் நிக்கல் பூசியது. ஒரு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, துரை கொடுத்த பரிசு. அதைத் துடைத்துத் துடைத்துப் புதுசாகவே வைத்திருந்தார். மிச்சமிருந்த செங்கல் பொடியையும் புளியையும் தொட்டு அதைப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தார்.

"ஐயோ, இத ஏங்க?"

"துவக்கப் பையில போட்டுக்கிட்டு பஸ்ஸுல போனா என்னையப் புடிச்சு உள்ள போட்ருவாங்க. இதக் கொண்டுபோயி கண்டி முலாம் பட்டறையில காட்டுறேன். இதுல போற கீறல் அதுலயும் போகும்ல."

நல்ல யோசனைதான். ஆனால் பதினோரு வருட அப்பு, பளபளப்பான ஒரு சாமானை வேண்டுமென்றே கெடுத்தது அதுதான் முதல் தடவை. தேய்த்து முடிக்கும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. புகை என்றார். அடுப்பு அணைந்து அரைமணி நேரமாகியிருந்தது.

மறுநாள் காலை கலஹா பஸ்ஸில் ஏறி, பேராதனையில் அரைமணி நேரம் நின்று, கண்டிக்குப் போய்ச் சேர்ந்தார். கட்டுகலையில் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே ஹுஸைனின் முலாம் பட்டறை. காரின் பம்பர், சைக்கிள் ஹேண்டில், பள்ளிக்கூடக் கோப்பை எல்லாம் அங்கேதான் மினுக்க வரும். ஹுஸைன் அழகரின் வயதுக்காரர். பங்களாவின் வெள்ளிச் சாமானுக்கு முலாம் பூச அழகர் முன்பே நாலைந்து தடவை வந்திருக்கிறார்.

"வாங்க அப்பு. கன நாளாக் காணல்ல" என்ற ஹுஸைன், டார்ச்சை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். விரலால் தடவி, மூக்குக்குக் கொண்டு போனார். "புளி. செங்கல்லும் ஈக்குது. யாரு செஞ்ச வேல?"

"நாந்தான்."

"நீங்களா?" ஹுஸைன் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "இது அறியாமச் செஞ்ச வேல மாதிரி தெரியல்ல. நாலு பக்கமும் ஒரே அளவாக் கீறியீக்குது."

அழகர் மூலையில் இருந்த மினுக்குகிற மெஷினைப் பார்த்தார். உள்ளே இருந்து ஹுஸைனின் மனைவி றம்லத் இரண்டு கோப்பை வெறுந்தேநீரும் கருப்பட்டித் துண்டும் கொடுத்து அனுப்பினார். இரண்டு பேரும் அதைக் குடித்தார்கள்.

"மெஷின்ல போட்டா எவ்வளவு நேரம் செல்லும்?" என்றார் அழகர்.

"மெஷினா? ரெண்டு நிமிஷம். கீறலும் போகும், நிக்கலும் போகும். காட்டட்டா? டார்ச்சுட அடிப்பக்கம் கொஞ்சம் வீணாப் போகும், பரவாயில்லயா?"

அழகர் தலையாட்டினார். ஹுஸைன் மோட்டாரைப் போட்டு, சுற்றுகிற துணிச் சக்கரத்தில் டார்ச்சின் அடிப்பக்கத்தை மூன்று எண்ணுகிற நேரம் வைத்து எடுத்தார். வெள்ளைக்கு நடுவே செம்பு நிறத்தில் ஒரு காசளவு தெரிந்தது.

"பாத்தீங்களா. நிக்கல் எண்டா தோல்தான். வெங்காயத்துட மேல் தோல் மாதிரி. சிவப்புத் தெரிஞ்சா எல்லாம் முடிஞ்சு, திரும்ப முலாம் பூசத்தான் வேணும். கையாலதான் எடுக்கோணும், அப்பு. பொறுமை வேணும்."

பிறகு அவர் ஒரு வெள்ளைப் பாலிஷ் கட்டியைச் சுரண்டி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தார். பிளனல் துணியை ஆள்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றி, அதில் ஒரு பொட்டு தொட்டு, டார்ச்சின் நீளவாக்கில் தேய்த்தார்.

"இப்பிடி ஒரே பக்கமா. வட்டமாத் தேய்க்கப் படாது. பத்துத் தரம் தேய்ச்சுத் தொடச்சுப் பாக்கோணும். திரும்பப் பத்து. விளிம்புல அழுத்த வேணாம், அங்கதான் தோல் மெல்லிசு. டின்னுல வருதே பித்தளப் பாலிஷ், மூக்குல அடிக்கிற சாமான், அதத் தொடவே வேணாம். எழுத்து வெட்டின எடம் ஈந்தா அதுக்குக் கிட்டவும் போகாதீங்க, எழுத்து மழுங்கிரும்."

அழகர் தானும் செய்து பார்த்தார். அரைமணி நேரத்தில் இரண்டு விரலகலம் தெளிந்தது. அதில் தன் கண்ணைப் பார்த்தார்.

துணியையும் பாலிஷ் கட்டியில் பாதியையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த ஹுஸைன், காசு வாங்கவில்லை. வாசல் வரை கூட வந்தார். "ஒங்களுக்கு டார்ச் பெரிசில்ல. வேற என்னத்தையோ மனசுல வச்சிட்டுத்தான் வந்தீக்கிங்க. அது என்ன எண்டு நான் கேக்கல்ல. அதுல கீறினது யாரு எண்டு மட்டும் கேக்கட்டா?"

"எங்க வீட்டுக்காரி" என்றார் அழகர். "தெரியாமச் செஞ்சிருச்சு."

"ஏசினீங்களா?"

"இல்ல."

"அப்ப சரி" என்றார் ஹுஸைன். "அந்தக் கையையே தேய்க்க விடுங்க. இல்லாட்டி அது மனசுல கெடந்து அறுக்கும்."

அன்று திங்கள் பின்னேரமே ஆரம்பித்தார்கள். பங்களாவில் துரை இல்லாததால் வேலை குறைவு. ஐப்பசி பிறக்கப் போகிற நாட்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஹந்தானை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும், மூன்று மணிக்கு இடியோடு மழை கொட்டும், ஐந்து மணிக்கு ஓய்ந்து மலையெல்லாம் புகைகிற மாதிரி மூடுபனி எழும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு யாரும் வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள். கதவுப் பக்கம் பாயைப் போட்டு, நடுவில் ஒரு தலையணை உறையை விரித்து, அதில் ரிவால்வரை வைத்து, இரண்டு பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். எட்டு மாதத்தில் அப்படிப் பகல் வெளிச்சத்தில் எதிரெதிரே அவர்கள் உட்கார்ந்ததே இல்லை.

முதல் நாள் வடிவம்மாவின் கை சரிப்படவில்லை. கொழுந்து ஒடித்து ஒடித்துக் கறுத்து வெடித்த விரல்கள் அவளுடையவை. வெடிப்பில் பிளனல் நூல் சிக்கி இழுத்தது.

"இந்தக் கை ஆகாதுங்க. நீங்களே தேயுங்க."

அழகர் எழுந்து போய்ச் சுடுதண்ணீரும் தேங்காயெண்ணெயும் கொண்டு வந்தார். அவள் கையைத் தண்ணீரில் ஊறப் போட்டு, எடுத்துத் துடைத்து, ஒவ்வொரு விரல் வெடிப்பிலும் எண்ணெய் தடவினார். வடிவம்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை. பத்து விரலுக்கும் தடவி முடிக்கிற வரை அவள் அவரைப் பார்க்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கை பழகிவிட்டது. கொழுந்தெடுக்கிறவளுக்கு அவசரமும் தெரியும், அளவும் தெரியும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று இருபது வருடம் விரலாலேயே எண்ணியவள், பத்துத் தேய்ப்பு என்றால் பத்துதான், பதினொன்று போகாது. அழகர் குழல் பக்கம் தேய்த்தார், அவள் உருளைப் பக்கம் தேய்த்தாள். கை வேலை செய்யச் செய்ய வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒங்க மொத சம்சாரம் கோவக்காரங்களா?" என்று கேட்டாள்.

"கோவமில்ல. பேச்சுக் கொறவு. ஒன்னைய மாதிரிதான்."

"நான் பேச்சுக் கொறவா? மலையில வந்து கேட்டுப் பாருங்க. என் நெரையில நின்னா கங்காணிக்கே காது வலிக்கும்."

"அப்ப இங்க ஏன் பேச மாட்டேங்குற?"

அவள் துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடி பாலிஷ் தொட்டாள். "என்னா பேசினாத் தப்பாகும்னு தெரியல. அதான்."

புதன்கிழமை நல்ல குளிர். அழகர் வழக்கம்போல இரண்டு பேருக்கும் தேநீர் போட்டார். பங்களாப் பக்குவம், திக்கான பால், சீனி தூக்கல். அவள் கோப்பையை வாங்கி, மருந்து குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்து வைத்தாள். அன்றைக்குத்தான் அழகர் அதைக் கவனித்தார்.

"ஏன் புள்ள, சூடா இருக்கா?"

"இல்லீங்க. எனக்குப் பால் தேத்தண்ணி சேராது. கொமட்டும். வெறுஞ் சாயந்தான் குடிப்பேன்."

"எட்டு மாசமாக் குடிச்சியே."

"நீங்க ஊத்திக் குடுத்தீங்க" என்றாள் அவள்.

துரைக்கு டோஸ்ட் முறுகலா மெதுவா, முட்டை எத்தனை நிமிஷம், சூப்பில் மிளகு எவ்வளவு என்று பதினோரு வருடமாகக் கேட்டுக் கேட்டுச் செய்தவர், தன் வீட்டில் இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து போய் வெறும் சாயம் ஊற்றி, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டு வந்து வைத்தார். அவள் அதைச் சொட்டுச் சொட்டாக, அந்தப் பின்னேரம் முழுக்க வைத்துக் குடித்தாள்.

வியாழன் அந்திக்குள் முக்கால்வாசிக்கு மேல் தெளிந்துவிட்டது. எங்கேயும் செம்பு தெரியவில்லை. சாய்த்துப் பார்த்தாலும் நேரே பார்த்தாலும் கூரையும் கதவும் அதில் தெரிந்தன. குழலில் கம்பெனிப் பெயர் வெட்டியிருந்த இடத்தைச் சுற்றி மட்டும், ஒரு நகத்தளவுக்குக் கீறல் நின்றது. அதை எடுக்கப் போனால் எழுத்து போய்விடும்.

"இது போகாது" என்றார் அழகர். துணியை மடித்து வைத்தார். "தொரை கண்ணுல பட்டுரும். அவருக்கு வேற எதுவும் தெரியாட்டியும் இது தெரியும்."

"அப்ப பாலம்மாக்கா சொன்ன மாதிரியே சொல்லிருங்க."

அழகர் எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். ரிவால்வருக்கு உள்ளும் புறமும் எண்ணெய் போட்டு, பெட்டியில் வைத்து, பங்களாவுக்குக் கொண்டு போனார். அவர் திரும்பி வந்தபோது சுவர் ஓரமாக ஒரு துணி மூட்டை கட்டி வைத்திருந்தது. அவர் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். இரண்டு பேரும் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் துரையின் கார் வந்தது. கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. சனிக்கிழமைப் பயணத்துக்கு எல்லாம் எடுத்து வை என்றார். அழகர் அலுமாரியைத் திறந்து பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். குசினியில் சூப்புக்கு எலும்பு வெந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வடிவம்மா வந்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

துரை ரிவால்வரை எடுத்தார். ஜன்னலுக்குக் கொண்டு போனார். திருப்பினார். முதலில் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு கட்டைவிரலால் அந்த எழுத்தைத் தடவினார்.

துரைமார் தமிழ்ப் பரீட்சை எழுதித்தான் தோட்டத்துக்கு வருவார்கள். தமிழ் வரும், மரியாதை மட்டும் அந்தப் பரீட்சையில் கிடையாது.

"அலகர். இது யார் தேச்சது?"

அழகர் வாயைத் திறக்கும் முன்பே துரை அலுமாரியைப் பார்த்தார், அவருடைய இடுப்பைப் பார்த்தார், பாதி திறந்த குசினிக் கதவைப் பார்த்தார். அவருக்குப் பல்வலி. விஷயத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் போலிருந்தது.

"உன் பெண்சாதி எடுத்ததா? சாவி திருடி எடுத்ததா? ஆமா சொல்லு, போதும்."

ஒரே ஒரு ஆமாம். பாலம்மா சொல்லிக் கொடுத்ததையே துரையும் எடுத்துக் கையில் கொடுத்தார். குசினிக்குள் வடிவம்மா கரண்டியைப் பிடித்தபடி அந்த ஆமாமுக்காகக் காத்திருந்தாள். சொல்லிவிடட்டும் என்றுதான் சாமியை வேண்டிக்கொண்டாள்.

"இல்ல தொரை" என்றார் அழகர். "சாவிய நான் குடுத்தேன்."

"என்ன?"

"நாந்தான் அவ கையில குடுத்தேன். ஆயுத பூசைக்குச் சாமானெல்லாம் கழுவச் சொன்னேன். துவக்கத் தொடாதேன்னு நான் சொல்லல. செங்கல்லுப் போட்டு வெளக்கிருச்சு. நாலு நாளு ரெண்டு பேருமாத் தேச்சுக் கீறல எடுத்தோம். எழுத்துக்கிட்ட மட்டும் எடுக்க முடியல. அவ திருடல தொரை."

துரை ரிவால்வரை மேசையில் வைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"சாவி."

அழகர் அரைஞாணிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். பூசையன்று மறுபடி இறுக்கிப் போட்ட முடிச்சு, சீக்கிரம் அவிழவில்லை. துரை பொறுமையாக நின்றார். கொத்தைக் கையில் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார்.

"இனிமேல் காலையில் கேட்டு வாங்கு. சாயந்திரம் திருப்பிக் குடு. பெண்சாதி பங்களா உள்ளே வரவேண்டாம். பின்னாடி வீட்டில் இருக்கட்டும்." கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "சூப் கொண்டா. எலும்பு வேண்டாம். கடிக்க முடியாது."

அழகர் குசினிக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. சூப்பை வடிகட்டிக் கொண்டுபோய் வைத்தார். மேசையைத் துடைத்தார். எல்லாம் முடித்து மழை ஈரத்தில் வீட்டுக்கு நடந்தபோது இடுப்பு லேசாக இருந்தது. கை தானாகவே அந்த இடத்துக்குப் போய்ப் போய் வந்தது. வேலை போகவில்லை என்று சந்தோஷப்படுவதா, சாவி போயிற்று என்று அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. நாளைக்குக் காலையில் சாவி தாங்க தொரை என்று போய்க் கையேந்தி நிற்க வேண்டும்.

வடிவம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மூட்டை அவள் மடியில் இருந்தது.

"நான் சொல்லச் சொன்னது என்னா, நீங்க சொல்லிட்டு வந்தது என்னா" என்றாள். அழுது முடித்த குரல். "ஆமான்னு ஒரு சொல்லு. அதுக்கு என்னா கேடு ஒங்களுக்கு?"

"குடுத்தது நாந்தானே புள்ள."

"சாவி போயிருச்சே."

"போயிருச்சு."

"என்னாலதானே."

அழகர் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கணும், ஒன்னைய விட்டுக் குடுக்க மாட்டேன்னு. அஞ்சு நாளா ஒன்னையத் தவிக்க விட்டேன். அதான் எனக்கு வேதனையா இருக்கு. சாவி கெடக்குது."

அவர் அவள் மடியிலிருந்து மூட்டையை எடுத்து, உள்ளே கொண்டுபோய் அவிழ்த்து, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். இரண்டு சேலை, ஒரு சீப்பு, அவளுடைய அம்மாவின் வெண்கலச் செம்பு. எல்லாவற்றுக்கும் அடியில், நாலாக மடித்து, அவருடைய பழைய சட்டை ஒன்று இருந்தது. காலர் கிழிந்து, இனிமேல் போட வேண்டாம் என்று அவர் கழற்றிப் போட்ட சட்டை.

"இது என்னோடது தானே?"

"ஆமா."

"இத எதுக்கு மூட்டையில கட்டுன?"

"கரித்துணிக்கு."

"ஒங்க அண்ணன் வீட்டுல கரித்துணிக்குப் பஞ்சமா?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அழகர் சட்டையைப் பிரித்தார். வேர்வையும் குசினிப் புகையும் அப்படியே அதில் இருந்தன.

"தொவைக்கக்கூட இல்லையே புள்ள."

"தொவச்சா ஒங்க வாசம் போயிருமே" என்று சொல்லிவிட்டு, வடிவம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள்.